முப்பத்தொன்றுக்கு முப்பது

நோபல் பார்க்
12.02.2012

வதனியின் அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகம் என்பதை மகள் சொல்லித்தான் அறிகிறேன். பேரனை இரண்டு கிழமை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சிட்னிக்குப் போனவர், ஆறாவது கிழமையும் அங்கேயே இருக்கிறீர்கள். போன் எடுத்தால் "அப்பா குளிக்கிறார்" என்கிறாள் வதனி. ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிப்பார்? முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், கடிதம் வந்தால் பிரிக்காமல் இருக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். எங்கள் அங்கிலிக்கன் சபை முழுவதுக்கும் தெரியும். நவம்பர் மாத ஆண்டுக் கூட்டத்தில் ஆலய நிர்வாகத்தைப் பார்க்கிற வார்டன் பதவிக்கு உங்களையும் ஒருவர் முன்மொழிந்தார், என்னையும் மார்கரெட் முன்மொழிந்தாள். சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். எனக்கு முப்பத்தொன்று, உங்களுக்கு முப்பது. யாழ்ப்பாணத்தில் சுண்டுக்குளி ஆலயத்தில் பன்னிரண்டு வருடம் வார்டனாக இருந்தவருக்கு அது கசக்கத்தான் செய்யும். அதற்காகக் கைதட்டி முடியுமுன்பே காரில் போய் இருந்துகொள்வதா? நான் தேநீர் குடிக்காமல் உங்கள் பின்னால் ஓடி வந்தேன்.

அது கிடக்கட்டும். செய்தி சொல்கிறேன். படகில் வந்து தடுப்பு முகாமில் இருந்த எங்கள் ஆட்கள் ஆறு பேரை வெளியே விட்டிருக்கிறார்கள். ஸ்ரேசனுக்குப் பின்தெருவில் ஒரு வீடு. வீடு என்றால் நாலு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும். றெவரண்ட் ஹெலன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவித்தார். அடுத்த நாளே மண்டபம் நிறைந்துவிட்டது. வெள்ளைக்காரரின் மனசு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்த சாமான்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தேநீர் ஊற்றுகிற ரீபொட் பதினொன்று, மூன்று பாண் வாட்டும் மெஷின், கேக் அடுக்கி வைக்கிற மூன்று தட்டு ஸ்ராண்ட். சோறு வைக்க ஒரு பானை இல்லை.

நான் ஒரு கொப்பித் தாளில் எழுதி வாசலில் ஒட்டினேன். பெரிய பானை இரண்டு, அகப்பை, மெத்தை ஆறு, கம்பளி, மிளகாய்த்தூள். ஞாயிறுக்குள் எல்லாம் வந்து சேர்ந்தது. தேங்காய் துருவுகிற துருவலையைத்தான் ஒருவரும் கண்டதில்லை. எங்கள் வீட்டுத் துருவலையைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்து சம்பல் கேட்டால் கிடைக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

பார்த்துக்கொண்டிருப்பேன், ஆனால் கெஞ்சமாட்டேன்.
புஸ்பராணி

*

ரூங்காபி, சிட்னி
28.02.2012

ராணிக்கு,

உன் கடிதம் 16ஆம் திகதி கிடைத்தது. மெல்பேர்ணிலிருந்து நாலு நாள். முத்திரையைச் சரித்து ஒட்டியிருக்கிறாய்.

போனில் நான் பேசாதது குளிப்பதால் அல்ல. போனில் நீ பேசி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

தோற்றது எனக்குப் பெரிதல்ல. வாழ்க்கையில் எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனால் கணக்கைப் பார். உன்னிடம் இருந்து ஒரு சீட்டு என் பக்கம் வந்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். கண்ணியமானவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதுவதில்லை. நாங்கள் இருவரும் அப்படித்தான் வளர்ந்தவர்கள். ஆகவே நேரடியாகக் கேட்கிறேன். நீ யாருடைய பெயரை எழுதினாய்? சொந்த வீட்டிலேயே ஒரு சீட்டுக் கிடைக்காதவனா நான் என்பது தெரியாமல் அந்த மண்டபத்துக்குள் நான் கால் வைக்கமாட்டேன்.

அந்த ஆறு பேர் பற்றி. துருவலை கொடுத்தது சரி. ஆனால் முக்கியமானதை மறந்துவிட்டாய். அவர்களுடைய தபால் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடு. ஆறு பேரின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. அவர்களுக்கு வருவதெல்லாம் விசா பற்றிய கடிதங்கள். ஒன்று தவறினால் ஒரு மனிதனின் வாழ்க்கையே தவறிவிடும். தபால்காரனுக்குப் பெயர் தெரியாத வீடு இல்லாத வீடுதான்.

இங்கே வெக்கை அதிகமில்லை. மகள் நன்றாகப் பார்க்கிறாள்.

இங்ஙனம்,
ஜெயரட்ணம்

*

நோபல் பார்க்
20.03.2012

வதனியின் அப்பாவுக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன். என் பெயரைத்தான் எழுதினேன். பு, ஸ், ப, ரா, ணி என்று வடிவாக எழுதினேன்.

கண்ணியம் கெட்டவள் என்று நினைத்தால் நினையுங்கள். வார்டன் வேலையை என்னால் செய்ய முடியும் என்று அன்று மனதார நினைத்தேன். நினைத்துவிட்டு வேறு பெயரை எழுதினால் அது பொய்யல்லவா? பெண் ஒருத்தி பீடத்தில் நின்று அப்பமும் ரசமும் தந்தால் பக்தியோடு கை நீட்டுகிறீர்கள். பெண்டாட்டி வாசலில் நின்று காணிக்கைத் தட்டை எடுத்தால் மட்டும் ஏன் முகம் சுருங்குகிறது?

பூட்டு வாங்கியாயிற்று. பெயர்களும் ஒட்டியாயிற்று. அது அருமையான யோசனை என்று ஹெலனே சொன்னார். என் கணவருடைய யோசனை என்று சொன்னேன். உங்களைப்போல எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

இனிக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் மண்டபத்தில் மதியச் சாப்பாடு தொடங்கினோம், யாரும் வரலாம் என்று. அந்த ஆறு பேரும், டண்டினோங்கிலிருந்து இன்னும் எட்டுப் பேரும் தலை வாரி, சேர்ட்டை உள்ளே விட்டு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிஸ்கட் பக்கெற். அவர்களுக்குக் கிடைக்கிற காசில் அது சின்னச் செலவு இல்லை. எண்பது வயது மார்கரெட் வாசலில் நின்றவள், அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது இலவசம், உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அன்பாகத்தான் சொன்னாள். நான் குசினியில் பருப்போடு நின்றதால் பார்க்கவில்லை. அடுத்த செவ்வாய் ஒருவரும் வரவில்லை. பதினாறு கதிரையும் வெறுமையாகக் கிடந்தன. சொதி ஆறி ஆடை கட்டிவிட்டது.

மார்கரெட் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்து அழாத குறை. நான் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். அவர்களில் மூத்தவர் யோகராசா, மன்னார்ப் பக்கத்துத் தச்சர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கதவைத் திறந்தவர், "அன்ரி, நாங்கள் கொண்டு வந்ததை அந்த அம்மா தொடேல்லை. அதுக்குப் பிறகு எப்பிடி வந்து கை நனைக்கிறது?" என்றார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகாத சனம் நாங்கள், கொண்டு போனதைத் திருப்பிக் கொடுத்தால் வாசலுக்கு வராதே என்றுதான் அர்த்தம் என்று மார்கரெட்டுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் முகம் சிவந்துபோயிற்று. இன்றைக்கு ஒவ்வொரு பக்கெற்றையும் இரண்டு கையாலும் வாங்கி, எல்லாவற்றையும் பிரித்து, தேநீரோடு எல்லோருக்கும் பரிமாறினாள். பதினாறு கதிரை போதாமல் போய்விட்டது.

நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

உண்மை சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும்,
புஸ்பராணி

*

ரூங்காபி
22.04.2012

ராணிக்கு,

உயிர்த்த ஞாயிறு இங்கே பெரிய ஆலயத்தில். முன்னூறு பேர் வந்தார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பின்வரிசையில் இருந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு பாட்டுப் புத்தகம் அடுக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை.

நீ உண்மையைச் சொன்னது நல்லது. ஆனால் அது எனக்குச் சுகம் தரவில்லை. முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் நான் உன்னிடம் கேட்டது மிகக் குறைவு. இப்போது கேட்கிறேன். இந்த வருட நடுவில் உடல்நிலை சரியில்லை என்று சொல்லிப் பதவியை விடு. வேறு யாராவது பார்க்கட்டும். சாப்பாடு போடுவதற்கு வார்டனாக இருக்க வேண்டியதில்லை. நீ விட்ட அடுத்த நாள் நான் றெயில் ஏறுவேன்.

பிஸ்கட் விஷயத்தில் நீ செய்தது சரி. அதை மறுக்கவில்லை.

ஜெயரட்ணம்

*

நோபல் பார்க்
06.05.2012

வதனியின் அப்பாவுக்கு,

விடமாட்டேன்.

கடிதத்தை இதோடு முடித்து ஒட்டியிருப்பேன். முத்திரைக் காசு வீணாகக்கூடாது என்பதால் தொடர்கிறேன். எனக்கு உடல்நிலை நன்றாக இருக்கிறது. தேவனுடைய ஆலயத்தில் பொய் சொல்லிப் பதவியை விடச் சொல்கிறவர்தான் கண்ணியம் பற்றி எனக்கு எழுதினாரா? உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சோறு சமைக்கவில்லை, பாணும் பட்டரும்தான். நீங்கள் இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனாலும் விடமாட்டேன்.

சாப்பாடு போட வார்டனாக இருக்கத் தேவையில்லை என்றீர்கள். போன புதன்கிழமை சபைக் குழுக் கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? கிளேட்டனிலிருந்து வருகிற சாமுவேல் நாகராஜனைத் தெரியுமல்லவா, திருநெல்வேலிக்காரர், நல்ல உழைப்பாளி. அவர் எழும்பி, "அக்கா, நாம சாப்பாடு போடுறோம். வர்றவங்க எல்லாம் இந்துக்கள். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் கோயில்ல உட்கார்ந்து ஜெபம் பண்ணிட்டு வரச் சொன்னா என்ன தப்பு?" என்றார். அதையே இங்கிலீஷிலும் சொன்னார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஹெலன் என்னைப் பார்த்தார்.

நான் எழும்பினேன். எனக்கு இங்கிலீஷ் எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். வந்ததை வைத்துச் சொன்னேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, நாங்கள் தென்மராட்சியில் ஒரு பிள்ளையார் கோயில் மடத்தில் இருந்தோம். இரண்டு மாதம் ஒவ்வொரு மத்தியானமும் அவர்கள் சோறு தந்தார்கள். என் கழுத்தில் சிலுவை தொங்கியது, எல்லோரும் கண்டார்கள். திருநீறு பூசிவிட்டு வா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லியிருந்தால், பிள்ளைக்குப் பசி என்பதற்காகப் பூசியிருப்பேன், ஆனால் ஆயுளுக்கும் அவர்களை மன்னித்திருக்கமாட்டேன். நான் வார்டனாக இருக்கும்வரை ஒரு கோப்பைச் சோற்றுக்காக ஒருவரையும் முழங்காலில் நிற்க வைக்கமாட்டேன். ஆராதனைக்கு வர விரும்புகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்கும்.

சொல்லிவிட்டு இருந்தேன். நாகராஜன், "சரிக்கா, நான் இப்படி யோசிக்கல. விட்டுடலாம்" என்றார். அன்றைக்கு நான் சாதாரண உறுப்பினராக இருந்திருந்தால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கமாட்டேன். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருப்பேன்.

இனி நீங்கள் வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

புஸ்பராணி

*

ரூங்காபி
17.06.2012

ராணிக்கு,

பதில் எழுத ஆறு கிழமை எடுத்துவிட்டது. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

மடத்தில் சாப்பாடு தந்ததைச் சொன்னாய். ஒன்றை அவர்களுக்குச் சொல்லவில்லை, எனக்கு மரியாதை வைத்துத்தான் விட்டிருப்பாய். இரண்டு மாதமும் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது நீ. நான் ஒரு நாளும் நிற்கவில்லை. தபால் அதிபர், சுண்டுக்குளி வார்டன், சோற்றுக்கு வரிசையில் நிற்பதா என்று மரத்தடியில் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ கொண்டு வந்ததைச் சாப்பிட்டேன்.

குழுக் கூட்டத்தில் நீ செய்தது சரி. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சமாதானமாகப் போகட்டும் என்று பதினைந்து நிமிட ஜெபத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. பதவியை விடச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வருவது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. கோபம் இல்லை. வேறு ஒன்று இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை.

ஜெயரட்ணம்

*

நோபல் பார்க்
07.10.2012

வதனியின் அப்பாவுக்கு,

உங்கள் ஜூன் மாதக் கடிதத்துக்கு நான் மூன்று பதில் எழுதினேன். ஒன்றுக்கும் நீங்கள் பதில் போடவில்லை. கை இன்னும் வரவில்லை போலிருக்கிறது. எனக்கு வருகிறது, அதனால் நானே எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்களை ஒருவரும் குசினிக்குள் விடவில்லை. யோகராசா வாசலில் நின்று, "இண்டைக்கு நாங்கள் சமைக்கிறம். நீங்கள் போய் இருங்கோ, அன்ரி" என்றார். மார்கரெட்டைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் முதல் கதிரையில் இருத்தினார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். எங்கள் துருவலையில் துருவிய தேங்காய்தான். நூற்றிருபது பேர் சாப்பிட்டார்கள். தெருவில் தனியாக இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர்களும் வந்திருந்தார்கள், இப்போது ஒவ்வொரு செவ்வாயும் வருகிறார்கள். ஒருவருக்கு உறைப்புத் தாங்காமல் கண்ணீர் வழிந்தது, ஆனாலும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். யோகராசாவுக்கு மார்கரெட்டின் மருமகன் வேலிப் பலகை அடிக்கிற வேலை எடுத்துக் கொடுத்திருக்கிறான். முதல் சம்பளத்தில் அவர் ஒரு பெரிய பிஸ்கட் ரின்னோடு வந்தார். மார்கரெட் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முகாமிலிருந்து பிறகு வந்தவர்களையும் சேர்த்து, உங்கள் பூட்டு இப்போது இருபத்துமூன்று வீட்டுத் தபால் பெட்டியில் தொங்குகிறது. வேறு சபைகளிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. தாழ்மையாக இருக்க வேண்டும் என்று ஹெலன் பிரசங்கம் செய்கிற ஞாயிற்றுக்கிழமையும் பெருமையாகத்தான் இருக்கிறது.

இனி எழுத வந்த விஷயம். நவம்பர் 11ஆம் திகதி ஆண்டுக் கூட்டம். மார்கரெட் என்னை மறுபடி முன்மொழிந்திருக்கிறாள், நானும் சம்மதித்துவிட்டேன். அதற்கு முன் வாக்காளர் பட்டியலைத் திருத்த வேண்டும். எங்கள் சபை விதிப்படி ஆறு மாதத்துக்கு மேல் ஆராதனைக்கு வராமல், காரணமும் சொல்லாமல் இருப்பவரின் பெயரை வெட்டவேண்டும். அது வார்டன்களின் வேலை. மற்ற வார்டன் பீற்றரும் நானும் இருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். நாலு பேரை நானே பென்சிலால் வெட்டினேன். ஐந்தாவதாக உங்கள் பெயர். பீற்றர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல், தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழும்பிப் போய்விட்டார்.

மற்ற நாலு பேருக்கு ஒரு நியாயம், என் புருசனுக்கு ஒரு நியாயம் வைக்க என்னால் முடியாது. ஆனால் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. பட்டியலை 28ஆம் திகதி ஒட்டுவோம். வார்டனாக நான் வெட்டத்தான் வேண்டும். மனைவியாகக் கேட்கிறேன், வெட்டவா?

புஸ்பராணி

*

ரூங்காபி
14.10.2012

அன்புள்ள ராணி,

வெட்டாதே. காரணத்தை எழுதுகிறேன். பீற்றருக்கும் காட்டலாம்.

போன நவம்பரில் நான் எழுதியது உன் பெயரை. அந்த முப்பத்தொன்றில் ஒன்று என்னுடைய சீட்டு. என் பெயரை நானே எழுதுவது அழகல்ல என்று உன் பெயரை எழுதினேன். நீயும் அதே மரியாதைக்கு என் பெயரை எழுதுவாய், இரண்டும் சரிசமமாகிவிடும், மிச்சத்தை ஊரார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். சீட்டை எண்ணி முடிவைச் சொன்ன அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. நான் என் பெயரை எழுதியிருந்தால் நான்தான் வார்டன். என்னைத் தோற்கடித்தவன் நான். அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்து, பழியை உன்மேல் போட்டுவிட்டு ஒன்பது மாதமாக மகள் வீட்டில் இருக்கிறேன். உன் மூன்று கடிதத்துக்கும் பதில் போடாதது இதனால்தான். நீ உன் பெயரை எழுதினேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாய். எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

வதனியிடம் நேற்றுச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பேரன் யதுஷன் எழும்பிவிட்டான். "அப்பா, நீங்கள் அம்மாவுக்குப் போட்டுட்டு அம்மாவோடயே கோவிச்சுக்கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் எனக்கு வெட்கம். அன்று உன் பெயரை எழுதினேனே தவிர, நீ நல்ல வார்டனாக இருப்பாய் என்று ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. பூ கொடுப்பதைப்போல ஒரு மரியாதைக்கு எழுதினேன். பிறகு உன் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் எத்தனை தரம் படித்தேன் என்று வதனியைக் கேள். இங்கே பின்வரிசையில் பக்கத்தில் இருக்கிறவரிடம்கூட, என் மனைவி மெல்பேர்ணில் வார்டன் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை றெயிலில் ஏறுகிறேன், பின்னேரம் வந்து சேரும். பெயரைப் பட்டியலில் விட்டுவை. போன வருடம் மரியாதைக்கு எழுதிய பெயரை, இந்த வருடம் மனதார எழுத வேண்டும்.

அன்புடன்,
ஜெயரட்ணம்